படலையும் பொட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் வடமராட்சியிலுள்ள வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குச் சென்றிருந்தேன். வழிபாடு முடிந்து, மணற்குன்றுகளையும் கடலையும் கண்டு மீள்கையில் வெயில் ஏறிவிட்டது. பேருந்தைத் தவறவிடலாகாதென்று குறுக்குவழி தேடினோம். மாணவனொருவன் பனையோலை வேலியிற் பொட்டொன்றைக் கண்டான். யானும் தடுத்திலேன், நுழைந்துவிட்டோம்.

வெங்காயப் பாத்தியருகே முதியவரொருவர் நிமிர்ந்தார்.

"வாத்தியார், படலை அந்தப் பக்கமெல்லோ? இண்டைக்கு நீங்கள் நடப்பியள், நாளைக்கு ஊர் நடக்கும். பத்து வருஷத்தில பாதை கேட்டு வழக்கு வைப்பினம்."

அவரது அச்சம் வீணன்று. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளரின் இசைவின்றிப் பத்தாண்டு இடையறாது ஒரு வழியை ஆண்டோர் அதற்கு உரிமை கோரலாம். இசைவு பெற்று நடந்தோர்க்கோ அவ்வுரிமை பிறவாது. ஆகவே, கேட்டு நுழைதல் மரியாதை மட்டுமன்று. பிறர் காணிக்குக் காவலுமாகும்.

குற்றஞ் செய்யவோ, இருப்பவரை அச்சுறுத்தவோ, இழிவுபடுத்தவோ, தொல்லைப்படுத்தவோ கருதிப் பிறர் நிலத்துட் புகுதலைத் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு அத்துமீறற் குற்றமென்கிறது. அத்தகைய கருத்துடன் வெளியேறாது நிற்பதும் குற்றமே. தீய கருத்து எமக்கில்லை. எனினும் மிதிபட்ட பயிருக்கு நட்டஈடு கேட்க அவருக்கு வழியுண்டு.

மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் சிரித்தபடி படலையைத் திறந்துவிட்டார். பேருந்து போய்விட்டது, ஆயினும் அன்று மாணவர் கற்ற பாடம் வகுப்பறையில் யான் கற்பிக்காதது.