திரும்பி வந்தவரைத் தேடி

எடின்பரோ நகரில் எந்தத் தெருவில் நின்றாலும் அந்தக் கோட்டை கண்ணுக்குத் தப்பாது. கரும்பாறையின் உச்சியிலுள்ள அதன் மதில்களுக்குள்ளேதான் ஸ்காட்லாந்து தேசத்தாரின் யுத்த நினைவு மண்டபம் இருக்கிறது. ஸர் ராபர்ட் லோரிமர் என்னும் கட்டடச் சிற்பி அமைத்த இம்மண்டபம் 1927-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. சென்ற கோடையில் டண்டீ நகரத்து மூதாட்டி ஒருவருடன் நாம் அங்கே சென்றோம்.

டண்டீ நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. வங்காளத்துக் குடியானவன் விளைத்த சணலை நெய்து கொழுத்த ஊர் அது. கொழுத்தவர்கள் முதலாளிகள்தாம், ஆலைத் தொழிலாளர் வறுமையில் உழன்றனர். அவர்களிற் பலர் 'பிளாக் வாட்ச்' பட்டாளத்தின் நான்காம் பிரிவில் இருந்தனர். மூதாட்டியின் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் அப்பிரிவினரே. தமையனார் 1915 செப்டம்பரில் பிரான்ஸிலே லூஸ் போரில் மாண்டார். பாட்டனார் பிழைத்து வந்தார். ஆனால் கண்டதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லையாம்.

மண்டபத்திலே பட்டாளந்தோறும் பெரிய ஏடுகள் வைத்திருக்கிறார்கள். தமையனாரின் பெயரைக் கொண்டவர் பலர் இருந்தும், எண்ணையும் மாண்ட தேதியையும் கொண்டு அவரைக் கண்டுபிடித்துவிட்டோம். சுரங்கம் தோண்டியவர்களுக்குத் துணை நின்ற எலிகளையும் கானரிக் குருவிகளையுங்கூட ஓரிடத்தில் கல்லிலே செதுக்கியிருக்கிறார்கள். "எலிக்கு இடம் இருக்கிறது, என் பாட்டனாருக்கு இல்லையே!" என்று சிரித்தார் மூதாட்டி. அந்தச் சிரிப்பு நமக்கு என்னவோ போலிருந்தது.

மாண்டவரைத் தேடுவது எளிது. மீண்டவரைத் தேடுவதே அரிது. முதல் உலக யுத்தத்துச் சிப்பாய்களின் தஸ்தாவேஜுகள் லண்டனில் ஒரு கிடங்கில் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் குண்டு வீசியபோது பாதிக்கு மேல் சாம்பலாயின. ஒரு யுத்தத்தின் கணக்கை மற்றொரு யுத்தம் தின்றுவிட்டது! கருகித் தப்பியவை கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பாட்டனாரின் ஏடு அவற்றில் இல்லை. பதக்கம் அளித்ததற்கான அட்டைகள் தப்பின. எனினும் பெரும்பாலானவற்றில் ஊர்ப் பெயர் இராது. பாட்டனாரின் பெயரிலோ பல அட்டைகள். போதாக்குறைக்கு, 1917-ல் பிரதேசப் படையினருக்கெல்லாம் புது எண் கொடுத்துவிட்டார்கள்.

பெர்த் நகரில், பால்ஹௌஸி கோட்டையிலுள்ள அப்பட்டாளத்தின் காட்சிசாலைக்குச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் நம் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதக்கம் வீட்டில் இருக்கிறதா?" என்றார்.

"பித்தான் டப்பாவில் கிடக்கிறது."

"அதன் விளிம்பைப் பார்த்ததுண்டா, அம்மா?"

அன்று மாலை டண்டீயில், ஜன்னலோரம் அமர்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூதாட்டி ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நாம் குறித்துக்கொண்டோம். நான்கு இலக்கங்கள். அதே எண்ணுடன் ஓர் அட்டை அகப்பட்டது. பாட்டனார் பிரான்ஸில் கால் வைத்த தேதி அதிலே எழுதியிருந்தது. தமையனாரின் அட்டையையும் எடுத்து அருகே வைத்துப் பார்த்தோம். அதிலும் அதே தேதி.