காத்திருப்புச் சீட்டும் கடவுச்சீட்டும்



விமான நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுடைய பெற்றோருக்கு அந்நிறுவனங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் ‘ஸ்டாண்ட்பை’ டிக்கெட் வழங்குகின்றன. முழுக் கட்டணம் செலுத்தியோர் அமர்ந்த பின்னர் இருக்கை மீதமிருந்தால் மட்டுமே அதில் இடம் கிடைக்கும். இல்லையேல் அடுத்த விமானம் வரை பொறுத்திருக்க வேண்டும். டிக்கெட்டில் சலுகை உண்டே தவிர, அயல்நாட்டின் நுழைவு விதிகளில் எந்தச் சலுகையும் இல்லை. இதனை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

எம் ராத்தாவின் மகன் விமான நிறுவனமொன்றில் பணியாற்றிக் கோலாலம்பூரில் வசிக்கிறார். அவர் மனைவியின் தலைப்பிரசவத்திற்கு உதவியாயிருக்க, ராத்தாவும் மச்சானும் அதிராம்பட்டினத்திலிருந்து புறப்பட ஆயத்தமாயினர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாட்கள் தங்க மலேசியா அனுமதிக்கிறது. விசா வேண்டாம் என்றவுடன் நிபந்தனையே இல்லை எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். ஊர் திரும்புவதற்கான உறுதியான டிக்கெட் வேண்டும். தங்குமிட விவரமும் செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். நுழைவு மறுக்கப்பட்டவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும் என்பதால், புறப்படும் இடத்திலேயே இவற்றைச் சரிபார்க்கின்றனர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. இருக்கை உறுதியில்லாத ஸ்டாண்ட்பை சீட்டைத் திரும்பும் டிக்கெட்டாக ஏற்பார்களா என்பதற்கு உத்தரவாதமில்லை. மச்சான் எம்மிடம் வந்தார்.

“மாப்பிள்ளை, ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஏஜென்ட் ஒருவர் டிக்கெட் போலவே அச்சடித்துத் தருகிறாராம். காட்டிவிட்டுக் கிழித்துப் போடலாம் என்கிறார். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?”

“இல்லை மச்சான். இன்ன நாளுக்குள் திரும்பிவிடுவோம் என்று நாம் சொல்வதை நம்பித்தானே அவர்கள் வாயிலைத் திறக்கிறார்கள்?” என்றோம்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே முஃமின்களைப் பணிக்கிறது. ஒரு நாட்டின் நுழைவு அனுமதியும் அத்தகைய ஒப்பந்தமே. போலிச் சீட்டும், ‘நான்கு நாள் கூடினால் அபராதம் கட்டிக்கொள்ளலாம்’ என்னும் எண்ணமும் அதனை முறிப்பவை.

மச்சான் சற்று நேரம் பேசவில்லை. அவர் கையிருப்பு எமக்குத் தெரியும். இறுதியில், போவதற்கு ஸ்டாண்ட்பை, 26ஆம் நாள் திரும்புவதற்கு முழுக் கட்டண டிக்கெட் என முடிவு செய்தார்.

திருச்சியில் இரண்டு இரவுகள் இடம் கிடைக்கவில்லை. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பயணத் தேதி மாறியதால் அதனை மீண்டும் நிரப்ப நேர்ந்தது. பேத்தி பிறந்த செய்தி இரண்டாம் இரவில், விமான நிலைய வாசலில் அவர்களை எட்டியது. ராத்தா தொலைபேசியில் எம்மிடம் அழுதார். “அல்லாஹ் நாடியது இதுதான், தம்பி” என்று அவரே தேறிக்கொண்டார். மூன்றாம் இரவு இருக்கை கிடைத்தது.

அந்நாட்களில் தொழுகை பற்றியும் வினவினார். இன்று புறப்படுவோமா, நாளையா என்று அறியாமல் வழியில் காத்திருக்கும் முஸாஃபிர் கஸ்ர் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு 18 நாட்கள் வரை அனுமதி உண்டு; ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் தங்குவதாக நிய்யத் வைக்காதவரை கஸ்ர் தொடரும். ஒட்டகக் குழுக்களுக்காகக் காத்திருந்தோருக்கு வகுக்கப்பட்ட சட்டம், விமான இருக்கைக்குக் காத்திருப்போருக்கும் பொருந்துகிறது. சுப்ஹானல்லாஹ்!

ஸ்டாண்ட்பையில் செல்வோருக்கு இன்னும் இரு சொற்கள். இடையில் மூன்றாவது நாடொன்றில் விமானம் மாற வேண்டியிருந்தால், அங்கே இடமின்றித் தங்க நேர்ந்தால் வெளியே வர விசா தேவையா என முன்னரே விசாரியுங்கள். திரும்புவதும் ஸ்டாண்ட்பையில்தான் எனில், அனுமதிக் காலத்தின் கடைசி நாள் வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே முயலத் தொடங்குங்கள். மாற்று டிக்கெட்டுக்கான பணத்தையும் தனியே எடுத்து வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அண்ணலார் (ஸல்) வழிகாட்டினார்கள். பயண ஆவணங்களை நேர்மையாகச் சரிசெய்வதே இன்று அக்கயிறு. இருக்கை கிடைப்பதும் கிடைக்காததும் அல்லாஹ்வின் நாட்டம். நம் பயணங்கள் அனைத்தையும் அவன் வாய்மையோடு தொடங்கி ஆஃபியத்தோடு நிறைவுறச் செய்வானாக. ஆமீன்.