தேசப்படத்திற் காணாத ஊர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, என் நினைவு நேரே எமது கல்லூரியின் பூமிசாஸ்திர வகுப்புக்கே சென்றது.

யான் அப்புத்தளையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, 1962இல் விடுதியிற் சேர்ந்தவன். எமது ஆசிரியர் பழைய தேசப்படங்களிற் பெருவிருப்புடையவர். ஒருநாள் நான்கு படங்களின் பிரதிகளைச் சுவரில் வரிசையாய்த் தொங்கவிட்டு, "அரசுகள் வந்து போன கதையை இவையே சொல்லும்" என்றார்.

முதலாவது, கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தொலமியின் குறிப்புகளைக் கொண்டு பிற்காலத்தார் வரைந்தது. 'தப்ரபேன்' என்னும் பெயருடன் எம் தீவு உண்மையினும் பன்மடங்கு பருத்துக் கிடந்தது. இரண்டாவது, கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸின் நூலில் 1681இல் வெளிவந்தது. அதில் ஊவா கண்டியரசின் ஒரு பகுதி. 1630இற் பதுளையை எரித்துத் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா வழியிலேயே மடிந்தார். கரையோரத்தை ஆண்டவர்க்கு இம்மலைநாடு எட்டாக்கனியாயிற்று.

மூன்றாவது, 1862இல் இலண்டனில் வெளிவந்த பிரேசரின் படம். இடையில் 1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. "துப்பாக்கிக்குப் பின் வீதி, வீதிக்குப் பின் கோப்பி" என்றார் ஆசிரியர். பேராதனைப் பாலத்தை அமைத்த அதே பிரேசரே இப்படத்தையும் ஆக்கினார் என்பது அன்றோ அதற்குச் சான்று!

நான்காவது, நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படம். 1886இல் தனி மாகாணமான ஊவாவும், 1893இல் அப்புத்தளையை எட்டிய புகையிரதப் பாதையும், தேயிலைத் தோட்டங்களும் அதில் இருந்தன.

"தம்பி, உமது ஊரைக் காட்டும்" என்றார்.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கண்டேன். எம்மவர் வழங்கும் தமிழ்ப் பெயரைக் காணேன். பெரட்டுக்களம், காமன் பொட்டல், மாரியம்மன் கோயில் எதுவுமே இல்லை. "ஐயா, எங்கள் ஊர் இதில் இல்லை" என்றேன். வகுப்பு நகைத்தது, ஆசிரியர் நகைக்கவில்லை. "வரைவித்தவனுக்கு வேண்டியதே படத்தில் இருக்கும். மிகுதியை நீர் எழுதும்" என்று மெல்லிய தாளொன்றைத் தந்தார். யான் வெட்கத்தால் ஒன்றும் எழுதாது அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. 1,50,000 பேரின் கதி பின்னரே தீர்மானிக்கப்பட்டது. என் அண்ணன் முதற்றொகையைச் சேர்ந்தார், யான் இரண்டாவதை. 1972இல் அவர் தலைமன்னாரிற் கப்பலேறுவதற்கு முதனாள் இரவு, அத்தாளை எடுத்துத் தோட்டத்தை வரைந்து, லயம் லயமாகப் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

பல்லாண்டுகளின் பின் நீலகிரியில் அவர் வீட்டுச் சுவரிலே அதனைக் கண்டேன். யான் எழுத மறந்த இரண்டு பெயர்களை அவர் பென்சிலாற் சேர்த்திருந்தார்.

இன்று பயிலும் இளந்தோழர்களே, அரசுகள் வரைந்த படங்களை நன்கு கற்பீராக. கற்றபின், உம் ஊரின் படத்தை நீவிரே ஒருமுறை வரைவீராக. பெயர்களை நினைவுகூரும் முதியோர் உள்ளபோதே வரைவீராக.