வினயமும் விண்ணப்பமும்

தர்மபுரிப் பக்கத்தில் ஐப்பசி மழை சென்னையைப் போலக் கொட்டித் தீர்ப்பதில்லை. விட்டு விட்டுத் தூறும், துணி உலராது, அவ்வளவுதான். 2024-ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அப்படித் தூறிக்கொண்டிருந்த காலை வேளையில், நம்முடைய பழைய மாணவி ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இரண்டு தாள்கள்.

"ஸார், அமெரிக்காவில் முனைவர் பட்டப் படிப்புக்கு மனுப் போடப் போகிறேன். இதைக் கொஞ்சம் திருத்திக் கொடுக்க வேண்டும்" என்றாள்.

நாம் அரசாங்க மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் உபாத்தியாயர். பிறர் எழுதியதைத் திருத்துவதே இருபது வருஷமாக நம் பிழைப்பு. ஆகவே, காபி வருவதற்கு முன்பே தாள்களை வாங்கிக்கொண்டு சிவப்பு மைப் பேனாவைத் திறந்துவிட்டோம்.

நேயர்களில் சிலருக்கு இந்த விஷயம் புதிதாக இருக்கலாம். நம் நாட்டில் மேற்படிப்புக்கு இடம் வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. படிக்க 'ஜாம்' என்று ஒன்று, எஞ்சினீயர்களுக்குக் 'கேட்' என்று ஒன்று, ஆராய்ச்சிக்கு 'நெட்' என்று ஒன்று. மார்க்கு வந்தால் கதவு திறக்கும். "நீ யார்? எதற்காகப் படிக்க வருகிறாய்?" என்று அந்த வினாத்தாள் கேட்பதில்லை. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் வழக்கம் வேறு. கலாசாலை மார்க்குப் பட்டியல், ஆங்கிலப் பரீட்சை, மூன்று ஆசிரியர்களுடைய சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் அனுப்பின பிறகும், இரண்டு பக்கத்தில் 'நோக்க அறிக்கை' என்று ஒன்று எழுதித் தரவேண்டும். முன்பெல்லாம் ஜி.ஆர்.இ. என்ற பொதுப் பரீட்சையையும் கேட்பார்கள். இப்பொழுது ரசாயனத் துறைகள் பலவும் அதைக் கைவிட்டுவிட்டபடியால், அந்த இரண்டு பக்கத்தின் கனம் இன்னும் கூடிவிட்டது. முனைவர் பட்டப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டாலோ, விஞ்ஞானத் துறைகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைச் சர்வகலாசாலையே ஏற்றுக்கொள்ளும். கீழ் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கோ, ஆராய்ச்சிக் கூடத்தில் உழைப்பதற்கோ மாதாமாதம் ஜீவனத்துக்கும் பணம் கொடுக்கும். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவருடைய பெண்ணுக்கு அந்தத் தேசத்துக்குப் போக வேறு வழி ஏது?

ஆனால் மனுப் போடுவதற்கே கட்டணம் உண்டு. ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் எழுபத்தைந்து டாலர், நூறு டாலர் என்று ஆகிறது. ஏழைகளுக்குத் தள்ளுபடி கொடுக்கும் இடங்களும் உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள். இடம் கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வராது என்று கேட்டதும் பெண்ணின் தகப்பனார், "மண்டியில் மாதிரி பார்க்க நாங்கள் காசு வாங்குவதில்லையே, வாத்தியார் ஐயா!" என்று வியந்தார்.

திருத்தத்துக்கு வருவோம். பெண் எழுதியிருந்தது சுமாரான ஆங்கிலம். எளிய குடும்பத்தில் பிறந்ததையும், சிறு வயது முதலே ரசாயன சாஸ்திரத்தில் ஆர்வம் உண்டானதையும், ஆசிரியர்களின் ஆசீர்வாதத்தால் இவ்வளவு தூரம் வந்ததையும் எழுதியிருந்தாள். நாம் அதை மேலும் அழகு செய்தோம். 'மிகுந்த தாழ்மையுடன்' என்பதை இரண்டு இடத்தில் சேர்த்தோம். 'தங்கள் மேன்மை பொருந்திய சர்வகலாசாலையின் நிழலில்' என்று ஒரு வாக்கியம் போட்டோம். 'எளியேனுடைய சிறு முயற்சியில் ஏதேனும் சிறப்பு இருக்குமானால் அது ஆசிரியர்களையே சாரும்' என்று முடித்தபோது, நம் ஆங்கிலத்தைப் பற்றி நமக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெண் படித்துப் பார்த்தாள். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரொம்ப நன்றாக இருக்கிறது, ஸார். ஆனால் இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நம்மை இருபது வருஷம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

2004-ஆம் ஆண்டில், எம்.ஏ. தேறிய சூட்டோடு, வடக்கே ஒரு சர்வகலாசாலையில் எம்.ஃபில். படிப்புக்கு மனுப் போட்டிருந்தோம். (அந்தப் பட்டத்தையே 2022-ஆம் ஆண்டு விதிகளில் எடுத்துவிட்டார்கள், நமக்குக் கிடைக்காதது இனி ஒருவருக்கும் கிடையாது.) இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே பிரயாணம் செய்து நேர்முகத்துக்குப் போனோம். மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மையார், "நீங்கள் படித்த ஆங்கில நாவலாசிரியர்களில் உங்களுக்குப் பிடிக்காதவர் யார்? ஏன் பிடிக்கவில்லை?" என்று சாவதானமாகக் கேட்டார்.

"அவர்களெல்லாம் மகா மேதைகள். குறை சொல்ல நான் யார்?" என்றோம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, வந்தனம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது உள்ளே போய் ஐந்து நிமிஷந்தான் ஆகியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் கொண்டாடும் நாவல் ஒன்று முந்நூறாம் பக்கத்துக்கு மேல் ஏன் சோர்ந்து விழுகிறது என்று பதினாறு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தோம். அந்த நோட்டுப் புத்தகம் அப்பொழுது நம் தோள்பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுப்பது மரியாதை அல்ல என்று நினைத்தோம்.

அந்தப் பதில்தான் நம்மைக் கவிழ்த்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் வந்திருக்கலாம். ஆனால் பையிலிருந்த அந்தப் பதினாறு பக்கத்தை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

சிவப்பு மைப் பேனாவை மூடிவிட்டு, "எம்.எஸ்ஸி.யில் என்ன செய்தாய், சொல்லு" என்றோம்.

கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாளாம். எங்கள் ஜில்லாவுக்கு இது பழைய சங்கடம். பாறைகளிலிருந்து கரைந்து ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கலக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல காலம் குடித்தால் முதலில் பல் பழுக்கும்; இன்னும் அதிகமானால் மூட்டும் முதுகும் பிடித்துக்கொள்ளும். பெண் நாற்பத்திரண்டு கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்து அளந்தாள். எல்லாம் சௌக்கியம் என்றே கருவி சொல்லிற்று.

"எனக்கு நம்பிக்கைப்படவில்லை, ஸார். அந்த ஊர்களில் கிழவர்கள் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருக்கிறார்கள். எண் மட்டும் நன்றாக இருக்கிறது. எண் பொய்யா, கிழவர் பொய்யா?"

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதில் விஷயம் புரிந்தது. அலுமினியம், இரும்பு முதலியவற்றோடு பிணைந்து கிடக்கும் ஃபுளோரைடு அந்தக் கருவியின் மின்முனைக்குத் தென்படாதாம். அதை விடுவிக்கத் தாங்கல் கரைசல் ஒன்றைச் சரியான அளவில் கலக்க வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் சிக்கனம் கருதிப் பாதிக்கும் குறைவாகக் கலந்துகொண்டிருந்தார்கள். போதாததற்குத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் சேகரித்திருந்தார்கள்; ஃபுளோரைடுக்கு அது ஆகாது, பிளாஸ்டிக் புட்டிதான் வேண்டும். இவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபடி பஸ் ஏறி, நாற்பத்திரண்டு கிணறுகளுக்கும் போய் வந்தாள். இந்தத் தடவை எண்கள் கிழவர்களோடு ஒத்துப்போயின.

"இதை ஏன் நீ எழுதவில்லை?" என்று கேட்டோம்.

"நான்தான் தப்பைக் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் கர்வமாக இருக்காதா? தவிரவும், முதலில் தப்பாக அளந்தவளும் நான்தானே?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது, பள்ளிக்கூட நாட்களில் செய்வதைப் போலவே, கையால் வாயை மூடிக்கொண்டாள். பாடம் ஒப்பிக்கும்போதும் அப்படித்தான் செய்வாள். நாம் அதை மெச்சி, அவளுடைய நன்னடத்தைப் பத்திரத்தில் 'மிகுந்த அடக்கமுள்ள பெண்' என்று எழுதிக்கூடக் கொடுத்திருந்தோம். அன்றைக்குத்தான், கிணற்றுக் கதை கேட்ட பிறகு, அந்தக் கைக்குப் பின்னால் இருந்த பழுப்புக் கோடுகளைப் பார்த்தோம். பல் உருவாகிற வயதில் குடித்த தண்ணீர் அப்படிக் கறை போட்டுவிடுகிறது. இரண்டு வருஷம் நம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நமக்கு அடக்கம் மட்டுந்தான் தெரிந்தது.

"இதையும் எழுதேன்" என்று மெதுவாகச் சொன்னோம்.

"மாட்டேன், ஸார். பல்லைக் காட்டி இடம் கேட்கச் சொல்கிறீர்களா?" என்றாள். அதற்கு மேல் நாம் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னது நியாயமாகவே பட்டது.

சங்கடம் என்னவென்றால், பிள்ளைகளுக்கு 'நான்' என்று சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாமேதான். நாமே இந்தக் கட்டுரை முழுவதும் 'நாம்' என்ற பன்மைக்குள் ஒளிந்துகொண்டுதானே எழுதுகிறோம்! பத்திரிகை வழக்கம் என்று சாக்குச் சொல்லலாம். ராமானுஜனுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், சென்னைத் துறைமுகக் கணக்கு இலாகாவில் வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தாம் கண்டுபிடித்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதினார். பட்டமே இல்லாத அவருக்கு அதே ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேற்றங்களைச் சுருக்கியிருந்தால் ஹார்டி என்ன நினைத்திருப்பாரோ!

நம் கைவண்ணத்தைக் கிழித்துப் போட்டோம். பெண் அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினாள். 'நான் அளந்த எண்களை நான் நம்பவில்லை' என்பது முதல் வாக்கியம். நாம் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை, கஷ்டமாகத்தான் இருந்தது.

சிபாரிசுக் கடிதத்தில் இன்னொரு சிக்கல். அவளுடைய பேராசிரியர்களில் ஒருவர், "நீயே எழுதிக்கொண்டு வா, நான் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லியிருந்தார். இது நம் பக்கத்துக் கலாசாலைகளில் சகஜம். கெட்ட எண்ணத்தால் அல்ல, வேலைச் சுமையால். ஆனால் தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே எழுதிக்கொள்வது எப்படிச் சாட்சியம் ஆகும்? கிணறு, கரைசல், புட்டி எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் குறித்து அவரிடம் கொடுத்து, கடிதத்தைத் தயவு செய்து அவரே எழுதும்படி கேட்கச் சொன்னோம். எழுதினார். என்ன எழுதினார் என்பது அவருக்கும் அங்கே வாசித்தவர்களுக்குந்தான் தெரியும். அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவது வழக்கம்.

ஆறு இடங்களுக்கு மனுப் போனது. இரண்டு இடங்களில் கட்டணத் தள்ளுபடி கேட்டு வாங்கினாள். பிறகு காத்திருத்தல். 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தத் தேசத்தில் ஆராய்ச்சி மானியங்களுக்கு வெட்டு விழுந்து, பல சர்வகலாசாலைகள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்துவிட்டன. மாசி முடிவதற்குள் நான்கு இடங்களிலிருந்து 'வருந்துகிறோம்' வந்துவிட்டது. ஐந்தாவது இடத்தில், அந்த ஆண்டு அந்தத் துறையில் ஒருவரையும் சேர்க்கப் போவதில்லை என்றே எழுதிவிட்டார்கள். "கடையையே திறக்காதவனும் காசு வாங்கிக்கொண்டானே!" என்றார் தகப்பனார். அந்த மாதத்தில் பெண் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. நமக்கும் இரவில் சரியாகத் தூக்கம் இல்லை. ஒருவேளை அந்தப் பழைய தாழ்மையே தேவலையோ, நம்முடைய பழைய காயத்துக்கு அவளைக் கொண்டு மருந்து போடப் பார்த்தோமோ என்றெல்லாம் தோன்றிற்று.

பங்குனியில், கொடுமையான வெயில் அடித்த ஒரு நாள், ஆறாவது இடத்திலிருந்து பதில் வந்தது. இடமும் கொடுத்து, உதவித் தொகையும் கொடுத்திருந்தார்கள். உதவித் தொகையோடு இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் முடிவு சொன்னால் போதும் என்று அங்குள்ள சர்வகலாசாலைகள் பல தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன. பெண் அன்றிரவே பதில் அனுப்பிவிட்டாள். அவளை நேர்முகம் கண்ட பேராசிரியர், கிணறுகளைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டாராம். முதலில் எவ்வளவு தப்பாக அளந்தாள் என்பதை விசேஷ ஆவலோடு விசாரித்தாராம்.

ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டுப் போனாள். போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, அங்கே என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினோம். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது:

"இப்போதைக்குப் புட்டி கழுவுகிறேன், ஸார். பிளாஸ்டிக் புட்டிதான்."