ஆறாவது கலம்

வற்றாப்பளையிற் பிறந்தவர்களுக்குக் கண்ணகி கதை நூலிற் படித்தறிய வேண்டியதொன்றன்று. நந்திக்கடலின் ஓரத்தில் அமைந்த அம்மன் கோயிலும், வைகாசிப் பொங்கலுக்கென முல்லைத்தீவுக் கடலில் எடுத்துவரப்படும் நீரில் எரியும் விளக்கும் எங்கள் இளமையோடு கலந்தவை. ஒருவன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன்மீது சிறுவயதிலேயே நாம் கோபங்கொள்ளப் பழகிவிடுகிறோம். அந்த ஆராயாமை எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிகழ்ந்தபோது அதனை நான் அடையாளங் காணவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என் தந்தையார் வாடகைக்கு ஓட்டும் கார் ஒன்றே எங்கள் குடும்பத்தின் சீவனோபாயம். ஜப்பானில் பல்லாண்டுகள் ஓடிய பின்னர் இலங்கைக்கு வந்த வாகனம் அது. மின்வேலை பழகிக்கொண்டிருந்த அயல்வீட்டுத் தம்பி ஒருவன் பங்குனி மாதத்தில் அதற்குப் புதிய வானொலிப்பெட்டியொன்றைப் பொருத்தினான். பத்து நாட்கள் கழியுமுன் கார் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கிற்று. இயந்திரத்தை முடுக்கும்போது மணிக்கூடு தன் நேரத்தை மறந்து பன்னிரண்டுக்குத் திரும்பும். பிரேக்குக்கும் ஸ்ரியறிங்குக்குமுரிய எச்சரிக்கை விளக்குகள் காரணமின்றி ஒளிரும். கதவுப் பூட்டுகள் தாமாகவே ‘டக் டக்’ என அடிக்கும். இரவிற் சந்தியில் நிற்கையில் முன்விளக்குகள் மங்கும்; ஓடத் தொடங்கினாற் பிரகாசிக்கும். சில காலைகளில் திறப்பைத் திருப்பினால் ஒரு சிறு சத்தத்தைத் தவிர வேறெதுவும் நிகழாது.

“பொடியன் வயரை மாறிக் கொழுவிப்போட்டான்” என்றார் அப்பா. “மாமா, ரேடியோ வயரைத் தவிர நான் வேற ஒண்டிலும் கைவைக்கேல்லை” என்று அவன் கூறியதை எவரும் செவிமடுக்கவில்லை. அச்சொல் கடைத்தெருவரை சென்றது. அவனை வேலைக்குச் சேர்ப்பதாகக் கூறியிருந்த ஒருவர், பிறகு பார்ப்போம் என்று தவணை சொன்னார். அளவையியலை ஒரு பாடமாகப் பயில்பவனும் விடுமுறையில் வீட்டிலிருந்தவனுமாகிய நான் என்ன செய்தேன்? வானொலி வந்தபின் கோளாறு வந்தது. ஆகவே வானொலியே காரணம் என்று தலையசைத்தேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவனுக்கு முற்றத்தில் விழுந்த பழம் தெரியவில்லை.

ஒரு கராஜில் காரைக் காட்டினோம். உள்ளிருக்கும் ‘கொம்பியூட்டர்ப் பெட்டி’ பழுது, மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் கூறிய தொகையைக் கேட்ட அன்றிரவு அம்மா தமது காப்புகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

மறுநாள் முள்ளியவளையிலிருந்து பெரியப்பா வந்தார். 1990க்குப் பின்னர் வன்னிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில் வாகனம் திருத்திப் பழகியவர் அவர். பற்றறி உள்ளே வர அனுமதியற்ற பொருளாயிருந்ததும், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டதும் அக்காலத்திலேயே. அவர் கேட்ட முதற் கேள்வி, “பற்றறியைப் பாத்தனியே?” என்பதுதான். “பாத்தது அண்ணை, பன்னிரண்டுக்கு மேல காட்டுது” என்றார் அப்பா.

பெரியப்பா முதலில் வானொலியின் இணைப்பு முழுவதையும் கழற்றினார். கோளாறு நீங்கவில்லை. பின்னர் உவோற்றுமானியைப் பற்றறியில் வைத்தார், 12.4 காட்டியது. “இப்ப ஸ்ராட் பண்ணு” என்றார். முள் எட்டுக்கும் கீழே வீழ்ந்தது. இயந்திரம் ஒருவாறு இயங்கியபின் 14க்கு ஏறியது. ஆகவே மின்னைப் பிறப்பிக்கும் ஓல்ரனேற்றரிற் பழுதில்லை. ஓய்விலிருக்கும் பற்றறி தன் நோயை மறைத்துக்கொள்ளும். சுமை ஏற்றினாற்றான் உண்மை வெளிப்படும் என்பதை அன்று கண்டேன்.

1859 இல் பிரான்சு நாட்டவரான பிளான்டே உருவாக்கிய ஈய அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்றைய கார்ப் பற்றறியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு உவோற்றுத் தரும் ஆறு கலங்கள் அதில் தொடராக இணைந்துள்ளன. பெரியப்பா மூடிகளைத் திறந்து, நீர்மானியால் அமிலத்தின் அடர்த்தியை ஒவ்வொன்றாக அளந்தார். ஐந்து கலங்கள் 1.25 அளவிற் காட்டின. ஆறாவது 1.15 மட்டுமே. மின்னிறங்கும்போது தகடுகளிற் படியும் ஈயச்சல்பேற்று, காலப்போக்கில் இறுகிப் பளிங்காகிவிட்டால் மின்னேற்றினாலும் கரைவதில்லை. எங்களூர் வெப்பம் பற்றறியின் மூப்பை விரைவுபடுத்துகிறது. தொடரில் ஒரு கலம் தளர்ந்தால், நூறு அம்பியருக்கும் மேலாக மின் கேட்கும் ஸ்ராட்டருக்கு ஏனைய ஐந்தினாலும் ஈடுகொடுக்க முடியாது. உவோற்று வீழ்ந்த அக்கணத்தில், சீரான மின்னை நம்பியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தடுமாறுகின்றன. மணிக்கூடு மறப்பதும் விளக்குகள் பொய்யுரைப்பதும் அதனாலேயே. சந்தியில் இயந்திரம் மெதுவாகச் சுழலுகையில் ஓல்ரனேற்றர் தருவது போதாமற் போக, குறையை நிரப்பவேண்டிய பற்றறியும் கைவிட, முன்விளக்குகள் மங்கின.

இறுதியாக, அயலவர் ஒருவரின் உழவு இயந்திரத்திலிருந்த நல்ல பன்னிரண்டு உவோற்றுப் பற்றறியைத் தற்காலிகமாகப் பொருத்தினார். அத்தனை பேய்களும் அக்கணமே அகன்றன. வானொலியை மீண்டும் இணைத்தார். அதுவும் ஒழுங்காகவே பாடிற்று. அம்மா காப்புகளை எடுத்து அணிந்துகொண்டார். ஒருவரும் பேசவில்லை.

அன்று மாலை அப்பா அத்தம்பியின் வீட்டுக்குச் சென்றார், நானும் உடன்சென்றேன். “தம்பி, பிழை என்னிலதான். புதுப் பற்றறி வாங்கியிருக்கிறன். நீதான் வந்து பூட்டித் தரவேணும்” என்றார். அவன் வந்தான், முனைகளிற் படிந்திருந்த வெண்பூப்பைச் சுடுநீரூற்றித் துடைத்து, பற்றறியைப் பொருத்தினான். கூலியை வாங்க மறுத்தான். வேலை தருவதாக இருந்தவரிடமும் அப்பா நேரிற் சென்று உண்மையைக் கூறினார். ஆனால் அவ்விடத்திற்கு அதற்குள் வேறொருவர் அமர்த்தப்பட்டுவிட்டார்.

அவ்வாண்டு வைகாசிப் பொங்கலன்று கோயில் வீதியிற் பெருங்கூட்டத்தில் அவனைக் கண்டேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். நான் தலையசைத்ததை அவன் அறியான். கராஜில் வீண்செலவு நேராது தப்பினோம் என்று வீட்டில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அப்பேச்சு எழும்போதெல்லாம், பற்றறியைச் சுமையேற்றிப் பார்க்க எடுத்த சில நிமிடங்களை, அவனுடைய ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு நாங்கள் ஏன் ஒதுக்கவில்லை என்பதே என் நெஞ்சில் எழும் வினாவாகும்.