மரம் தொடாத விஸ்கி

கென்டக்கி மாநிலத்தின் பார்ட்ஸ்டவுன் பக்கம் போகிறவர்கள் பீப்பாய் அடுக்கிய கிடங்குகளைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது, பீப்பாய்க்குள் இறங்குவதற்கு முந்தைய சரக்கைப் பார்க்க. வாலையிலிருந்து சொட்டும்போது துளி நிறம்கூட இல்லாத அந்தச் சாராயத்துக்கு அங்கே ‘ஒயிட் டாக்’ என்று பெயர். அதையே போத்தலில் அடைத்து ‘வெள்ளை விஸ்கி’ என்றும் விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கத் தகுந்ததா அது?

ஊருக்கு வெளியே வயல்களை ஒட்டியிருந்தது அந்தச் சிறிய வடிசாலை. வேலையாட்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். காலையில் முதல் வேலை மக்காச்சோளம் வேகவைப்பது. விஸ்கிக்குப் போர்பன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மீதிக்கு ரையும் முளைகட்டிய பார்லியும். அரைத்த சோளத்தை நன்றாக வேகவிட்டு, சூடு தணியத் தணிய ரையைப் போட்டு, கடைசியில்தான் பார்லியைக் கொட்டுகிறார்கள். அவசரப்பட்டால் பார்லியின் நொதிகள் சூட்டில் செத்துப்போகும்; மாவுச்சத்து சர்க்கரையாகாது; அன்றைய பாடு வீண். வேகவைப்பவர் ஐம்பதைக் கடந்த மனிதர். வெப்பமானி கண்ணெதிரே இருந்தும், கூழைத் துளி எடுத்து நாக்கில் வைத்து, இனிப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த வேலைக்கு நகர்ந்தார்.

ஆறிய கூழில் ஈஸ்ட் சேர்த்தால் மூன்று முதல் ஐந்து நாளில் ஊறல் தயார். தொட்டியின் மேல் குனிந்தால் கரியமில வாயு மூக்கில் அறைகிறது. முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரில் ஒரு பங்கைப் புது ஊறலில் சேர்ப்பது இவர்கள் வழக்கம். ‘சவர் மேஷ்’ என்பது இதுதான். அந்தப் புளிப்பு, வேண்டாத கிருமிகளை அண்டவிடாது. வடித்தபின் எஞ்சும் சக்கை பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குத் தீனியாகிறது.

வடிப்பதுதான் கலையின் உச்சம். செம்பு வாலையின் வாயருகே நின்றவர் இளம் பெண். செம்பு அழகுக்காக அல்ல. ஊறலின் கந்தக வாடையை அது பிடித்து நிறுத்திவிடும். முதலில் வருவதைத் ‘தலை’ என்று ஒதுக்குகிறார்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அதில் அடிக்கும். கடைசியில் வரும் ‘வால்’, நனைந்த அட்டைப்பெட்டிபோல் மக்கிய வாடை வீசும். இடையில் வருவது மட்டுமே விஸ்கிக்கு. எங்கே வெட்டுவது என்பதைச் சில சொட்டுகளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே அவர் முடிவு செய்தார். நாலு லிட்டர் கூடுதலாகக் கிடைக்குமே என்று வெட்டைத் தள்ளிப்போட்டால், அந்தப் பேராசை சாராயத்தில் ஏறிவிடுமாம். பீப்பாய்க்குள் போகும் சரக்கென்றால் சில குறைகளை மரம் மூடி மறைக்கும். வெள்ளையாகவே விற்கும் சரக்கில் ஒளிய இடமில்லை என்பது அவர் கருத்து.

ஊற்றிக் கொடுத்ததைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்தேன். முதலில் அவித்த சோளக்கதிரின் இனிப்பு, பின்னாலேயே ரையின் மிளகுக் காரம், கடைசியில் தொண்டையில் ஒரு எரிச்சல். வெனிலாவும் கருக்கிய சர்க்கரையும் மருந்துக்கும் இல்லை. இருக்கவும் முடியாது. அவை உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய் தருபவை. கோடைச் சூட்டில் மரத்துக்குள் புகுந்தும் குளிரில் வெளியேறியும் சாராயம் அவற்றை வருடக்கணக்கில் இழுத்துக்கொள்கிறது. நிறமும் அப்படி வந்ததே.

பிறகு ஏன் இதை விற்கிறார்கள்? சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் சரக்கை அடைத்துவிட்டு நான்கைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிப்போகும். கடனுக்கு வட்டியும் ஆட்களுக்குச் சம்பளமும் அதுவரை காத்திருக்குமா? புதிதாகத் தொடங்கியவர்களுக்கு வெள்ளைச் சரக்கு கைச்செலவுக்கு வழி. சட்டமும் இடம் கொடுக்கிறது. மக்காச்சோளம் 80 சதவீதத்துக்குக் குறையாத ‘கார்ன் விஸ்கி’க்கு மரமே தேவையில்லை. மற்ற விஸ்கிகள் ஓக்கில் இருந்தாக வேண்டும். ஆனால் இத்தனை நாள் என்று பொதுவான கெடு இல்லை. ஸ்காட்லாந்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று ஆண்டு ஓக்கில் கிடக்காத எதையும் அங்கே விஸ்கி என்று விற்க முடியாது.

இடிப்பது விலைதான். சிறு வடிசாலைகளின் வெள்ளைச் சரக்கு பலவும், ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ முத்திரை பெற்ற நல்ல போர்பனின் விலையைத் தொடுகிறது. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முத்திரைக்குக் குறைந்தது நான்கு ஆண்டு முதிர்ச்சியும் 50 சதவீத ஆல்கஹாலும் வேண்டும். கிடங்கு வாடகையும் காத்திருப்பும் ஆவியாதலும் சேர்ந்த விலையை, அவை எதையும் காணாத சரக்குக்குக் கொடுப்பது நியாயமில்லை. சின்னஞ்சிறு ஆலை ஒவ்வொரு லிட்டருக்கும் பெரிய ஆலையைவிட அதிகம் செலவழிக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் அதை ஈடுகட்டும் சுவை எல்லாப் போத்தலிலும் இல்லை.

வீட்டில் மாலையில் நிதானமாகப் பருக விஸ்கி தேடுகிறவருக்கு வெள்ளை விஸ்கி தேவையில்லை. அதே காசுக்கு முதிர்ந்த போர்பன் வாங்குங்கள். விஸ்கியில் தானியம் தருவது எது, மரம் தருவது எது என்று அறிய விரும்புகிறவர் வடிசாலைக்கே போய் ஒரு மடக்கு சுவைத்தால் போதும். போக வழியில்லை என்றால் பஃபலோ டிரேஸ் போன்ற பெரிய ஆலையின் 375 மில்லி ஒயிட் டாக் போத்தல் ஒன்றை, அதே ஆலையின் முதிர்ந்த போர்பன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது போத்தல் வாங்க வேண்டியிருக்காது.