முதலில் பிடரியைப் பார்

பழைய கறுப்பினப் பொம்மை ஒன்று கைக்கு வந்தால் நான் உடனே முகத்தைப் பார்ப்பதில்லை. குப்புறக் கவிழ்த்து, முடியை ஒதுக்கி, பிடரியைப் பார்ப்பேன். கம்பெனியின் பெயரும் அச்சு எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை வைத்து எனக்கு வேண்டிய விவரத்தைப் பிடித்துவிடலாம்: இந்த முகத்தைக் கறுப்பினக் குழந்தையைப் பார்த்து வடித்தார்களா, இல்லை, வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே பழுப்பு நிறம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டார்களா?

அமெரிக்காவில் கண்ணில் படுபவற்றில் இரண்டாம் வகைதான் அதிகம். மரத்தூளையும் பசையையும் கலந்து செய்த 1930-களின் கம்போசிஷன் பொம்மைகளைப் பாருங்கள். தலையில் மூன்று துளை, மூன்று நூல் குடுமி, மேலே பழுப்புப் பூச்சு. அவ்வளவுதான், கறுப்பினக் குழந்தை தயார்! உளவியலாளர் கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் தங்கள் புகழ்பெற்ற ஆய்வில் குழந்தைகள் முன் வைத்த பொம்மைகளும் நிறம் தவிர ஒன்றுபோலவே இருந்தவை. கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அந்த ஆய்வுக்கும் இடமிருந்தது. பொம்மை பார்க்கும் கண்ணோடு யோசித்தால் எனக்கு வேறொன்றும் தோன்றும்: அங்கே இருந்த எந்தப் பொம்மையிலாவது அந்தக் குழந்தை தன் மூக்கையும் உதட்டையும் பார்த்திருக்குமா?

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சாரா லீ கிரீச் முக்கியமானவர். அவர் வெள்ளையர். கறுப்பினக் குழந்தைகளின் புகைப்படங்களைத் திரட்டிச் சிற்பி ஷீலா பர்லிங்கேமிடம் கொடுத்து முகம் வடிக்கச் செய்தார். தோலுக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஒரு தேநீர் விருந்தே வைத்தார். 1951-இல் ஐடியல் கம்பெனி அந்தப் பொம்மையை வெளியிட்டது. சில வருடங்களிலேயே நின்றுபோனது.

மேட்டல் பொம்மைக் கம்பெனி 1967-இல் கொண்டுவந்த ‘கலர்ட் ஃபிரான்சி’, வெள்ளை ஃபிரான்சியின் அதே அச்சு. அரிதானது என்பதால் விலை எகிறி நிற்கிறது. அதன் கரும்பழுப்பு முடி காலப்போக்கில் செம்பட்டையாகிவிடும். சாயம் ஏற்றிச் ‘சரிசெய்து’ விற்பவர்களும் உண்டு. செம்பட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் பொய் இல்லை என்பது என் கட்சி.

விலைப்பட்டியல் என்ன சொன்னாலும் என் அலமாரியில் நடு இடம் ‘பேபி நான்சி’க்குத்தான். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி 1965-இல் பற்றி எரிந்த பிறகு, லூ ஸ்மித்தும் ராபர்ட் ஹாலும் ‘ஆபரேஷன் பூட்ஸ்டிராப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1968-இல் பிறந்தது ஷிண்டானா பொம்மைக் கம்பெனி. பணமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தது யார் தெரியுமா? முந்தின வருடம் ஃபிரான்சிக்கு நிறம் மட்டும் மாற்றிய அதே மேட்டல்! ஷிண்டானாவின் முதல் பொம்மை நான்சி. பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் தெரியும்: அகன்ற மூக்கு, நிறைந்த உதடு. வெள்ளைப் பாப்பாவிடம் கடன் வாங்கிய முகம் அல்ல. 1983-இல் கம்பெனி மூடப்பட்டது. 2020-இல் நான்சி அமெரிக்காவின் தேசிய பொம்மைப் புகழரங்கில் இடம்பெற்றாள்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்போசிஷன் மேல் ஈரத்துணி படக் கூடாது, பூச்சு உரிந்துவிடும். வெயிலும் ஆகாது. வினைல் பொம்மை என்றால் தலையைக் கழற்றிக் கழுத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனி செய்ததென்றால் உள்ளேயும் அதே பழுப்பு இருக்கும். வெள்ளைப் பொம்மைக்குப் பிற்பாடு யாரோ பூசியதென்றால் அங்கே குட்டு உடைந்துவிடும்.

தொல்லை பேனா மையில்தான். குழந்தைகள் பொம்மையின் முகத்தில் கிறுக்காமல் விடுவார்களா? மைக்கறை போக, முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வெயிலில் வைப்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் பழகிய வைத்தியம். வெளிர்நிற வினைலுக்கு அது சரிப்படும். பழுப்பு வினைலில் மையோடு தோலின் நிறத்தையும் சேர்த்து வெளுத்து, தேமல் விழுந்தாற்போல் விட்டுவிடும். என் நான்சியின் இடது கன்னத்தில் ஒரு நீலக் கோடு இருக்கிறது. விற்றவர் அதற்காக விலையைக் குறைத்துக்கொண்டார். நான் அதைத் தொடவில்லை.